வரி கேட்காத வீடு

என் ராசாவுக்கு,

விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகும் நீ திரும்பிப் பார்த்து, பத்து விரலாலும் காற்றில் தட்டச்சு செய்து காட்டினாய். அந்த வெப்சைட்டைப் பாருங்கள் என்று அர்த்தம். மீனா உன் கையைத் தட்டிவிட்டு எங்களுக்கு ஒழுங்காக டாட்டா காட்டினாள். கல்யாணச் சந்தனம் காய்வதற்குள் உன்னைத் திருத்த ஓர் ஆள் வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே நிம்மதியாக இருந்தது. நீ சொன்னபடி பார்த்தோம். பார்த்ததோடு நிற்கவில்லை, அதனால் நம் வீட்டில் ஒரு காரியமே நடந்து முடிந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மறைக்க வேண்டியது எதுவும் இதில் இல்லை, நாலு பேர் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். மீனாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. அவளுக்கும் இதில் பங்கு உண்டு.

உன் வேலையை ராஜபாளையத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. "பையன் அங்க என்ன செய்யுதான்?" என்று பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா கேட்டாள். உலகத்தில் எந்தெந்த அரசாங்கம் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டது, கேட்டதோடு நஷ்டஈடு ஏதாவது கொடுத்ததா என்று தேடித் தேடி ஒரு வெப்சைட்டில் சேர்க்கிறான் என்றேன். "அதுக்குச் சம்பளம் வேற குடுக்காகளா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் எதை நினைத்துச் சிரித்தாள் என்று உனக்கும் தெரியும். சின்ன வயதில், மொட்டை மாடியில் அவள் காயப்போட்டிருந்த வத்தலை எல்லாம் பந்து பொறுக்கப் போன இடத்தில் மிதித்துத் துவைத்துவிட்டு, "ஸாரிக்கா" என்று ஒரே மூச்சில் சொல்லி ஓடப் பார்த்தாய். அவள் உன் சட்டைக் காலரைப் பிடித்து, "ரா ரா, இங்க வா. எதுக்கு ஸாரின்னு சொல்லிட்டுப் போலே" என்றாள். நீ கலங்கின கண்ணோடு, "வத்தல மிதிச்சிட்டேன்" என்றாய். பொறவு மாவு பிசைந்து புதிதாகப் பிழிந்து, அது காய்கிறவரைக்கும் காக்காய் விரட்ட உன்னையே மாடியில் உட்காரவைத்தாள். தொழிலை உனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இப்போது நீ பிரதமர்களின் காலரைப் பிடித்து எதுக்கு ஸாரி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாய், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு நானும் உன் அப்பாவும் நீ வைத்துவிட்டுப் போன டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்காருவது வழக்கமாகிவிட்டது. தேடு என்று ஒரு கட்டம் இருந்தால் மனுஷனுக்கு முதலில் சொந்த ஊர்தானே ஞாபகம் வரும்? நான் ராஜபாளையம் என்று அடித்தேன். ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டையும் விடுவானேன் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அடித்தேன். அதுவும் இல்லை. "ஏட்டி, நம்மகிட்ட எவன் மன்னிப்புக் கேக்கப் போறான்? பெரிய தேசமா பாத்து அடி" என்றார் உன் அப்பா. பொறவு தேசம் தேசமாகப் போனோம். தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன அரசாங்கம், நோயாளிக்குத் தெரியாமல் அவன் உடம்பில் வைத்தியத்தைச் சோதித்துப் பார்த்த அரசாங்கம், கப்பலோடு ஜனங்களைத் திருப்பி அனுப்பிய அரசாங்கம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரத்தமும் சீழும் பார்த்த எனக்கே சில நாள் அடுத்த பக்கத்தைத் திறக்கக் கை வரவில்லை. உன் அப்பா அப்படி இல்லை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து பழக்கம் போகவில்லை, அணிவகுப்பில் நிற்கிற ஆட்களைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொரு மன்னிப்பையும் நிறுத்திவைத்துப் பார்த்தார். "இவன் பாஸ். இவன் ஃபெயில். இவன் பொத்தான் போடாம வந்திருக்கான், வெளிய அனுப்பு." யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று ஒருவர் பேசியிருந்ததை நான் தமிழில் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "இருந்தால்னா என்ன அர்த்தம்? இருந்துச்சா இல்லையான்னு தெரியாமலா கேக்க வந்தான்?"

மீனாவோடு சண்டை வரும், வரத்தான் செய்யும். அன்றைக்கு இந்த ஹவில்தாரை நினைத்துக்கொள். 'உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா ஸாரி' என்று மட்டும் சொல்லிவிடாதே. வத்தலை மிதித்தேன் என்று சொல்லு. அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், அதற்குப் பயந்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒருநாள் அவர் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏட்டி, தேசம்தான் கேக்கணுமா? ஒரு ஊரு கேட்டா இதுல ஏத்துவானா ஒம் மகன்?" இந்த மனுஷன் இத்தனை நாளும் எந்த ஊரைத் தேடிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

உனக்கு இதில் பாதிதான் தெரியும். சோழபுரத்தைத் தாண்டி உள்ளே போகிற உன் அப்பாவின் ஊருக்கு நாம் ஏன் பங்குனிப் பொங்கலுக்குப் போவதே இல்லை என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம், பட்டாளம் முடிந்து சேர்ந்த மில்லில் அப்பாவுக்கு லீவு இல்லை என்று சொல்லிச் சமாளித்தோம். வளர்ந்த பிறகு, அம்மா சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் போவதில்லை என்று நீயாக ஒரு காரணம் வைத்துக்கொண்டாய். நாங்களும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நடந்தது இதுதான். அந்த ஊரில் அம்மனுக்குப் பொங்கல் சாட்டி நாள் அறிவித்துவிட்டால் வீட்டுக்கு வீடு வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கமிட்டி சொல்லும். மேளத்தோடு தெருத் தெருவாக வந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, வீட்டுக்காரனின் தகப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வாங்குவார்கள். உன் அப்பா பட்டாளத்திலிருந்து லீவில் வந்து என்னைக் கட்டிக்கொண்டார். உன் தாத்தா சுப்பையா அப்போது உயிரோடு இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை, தாங்கவும் ஆள் இல்லை. அந்தப் பங்குனியில் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்தது. அப்போதைய தலைவர் வாயால் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வேதக்காரப் பிள்ளையக் கட்டிட்டு வந்தவன் வீட்டு வரி நம்ம அம்மனுக்கு ஆகாது."

அந்த ஊரையும் குறை சொல்லக் கூடாது. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பால்காரர் பால் ஊற்றினார், கடைக்காரர் சாமான் கொடுத்தார், கிணற்றடியில் பெண்கள் என்னிடம் ஊசி போடுவதைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள். வரி மட்டும் கேட்கவில்லை. கல்யாணமான புது மாப்பிள்ளை, முதல் தடவை தனித் தலைக்கட்டாக வரி கொடுக்கப் போகிறோம் என்று உன் அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பணத்தோடு வாசலில் நின்றார். மேளம் பக்கத்து வீட்டில் நின்றது. பொறவு நம் வாசலை ஒரு வெற்று மனையைத் தாண்டுவது மாதிரி தாண்டி அடுத்த வீட்டில் போய் நின்றது. அவர் செத்த நேரம் அங்கேயே நின்றுவிட்டு உள்ளே வந்து, "வெயில் ரொம்ப இருக்கு" என்றார். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் எனக்கு ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டோம். என்னோடு வேலை பார்த்த ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, "வரி கேக்கலைன்னா மிச்சம்தானடி, இதுக்கா அழுத?" என்று சிரித்தாள். வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஊரில் எல்லாரிடமும் கேட்டு உன்னிடம் மட்டும் கேட்காமல் போனால், நீ செத்தாலும் பிழைத்தாலும் அந்த ஊருக்கு ஒன்றுதான் என்று அர்த்தம்.

இதைப் படித்துவிட்டு அம்மா பாவம் என்று உட்கார்ந்துவிடாதே. நான் சந்தோஷமாகத்தான் வாழ்ந்தேன், வாழ்கிறேன். சஞ்சீவி மலையை ஜன்னல் வழியாகப் பார்க்கிற ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கென்று ஓர் ஓர பெஞ்சு, வாய்க்கு வாய் பதில் சொன்னாலும் மறுநாள் காலையில் டீ போட்டுத் தருகிற புருஷன், நீ. எனக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் உன் அப்பாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் அந்த ஊரில் வரி பிரிக்கிற நாளன்று நம் வீட்டில் ஏதாவது ஒரு சாமான் பிரிக்கப்படும். மிக்ஸி, மின்விசிறி, தையல் மிஷின், ஒரு வருஷம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த உன் சைக்கிள். அப்பாவுக்கு மெக்கானிக் வேலை என்றால் உயிர் என்று நீ கட்டுரையெல்லாம் எழுதினாய். எண்ணெய்க் கறை படும், கழற்றுங்கள் என்று நான் எவ்வளவு கத்தினாலும் அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடுதான் உட்கார்ந்து பிரிப்பார். ஏன் அந்தச் சட்டை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மாசிக் கடைசியில் ஒரு காலை நேரம், காளிராஜ் நம் வீட்டுக்கு வந்தான். அந்தப் பழைய தலைவரின் மகன். அவன் அப்பா செத்த பிறகு இப்போது அவன்தான் கமிட்டித் தலைவர். உன் அப்பாவுக்குப் பங்காளி முறை. நாங்கள் ஊரை விட்டு வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன், இப்போது தலை நரைத்துவிட்டது. "சார், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் கல்யாணம் நடந்தது கேள்விப்பட்டானாம், சந்தோஷமாம். கோயிலுக்கு முன்னால் புது மண்டபம் கட்டியிருக்கிறார்களாம். பொங்கலன்று திறப்பு. அப்போது மேடையில் உன் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்யப் போகிறார்களாம். தெருமுனையில் அவர் ராணுவ உடையில் இருக்கிற மாதிரி ஃப்ளெக்ஸ் வைப்பார்களாம்.

"எதுக்கு மரியாதை?" என்று உன் அப்பா கேட்டார்.

"நீங்க தேசத்துக்குச் சேவை செஞ்சவுக சார்."

"அத நான் அப்பமே செஞ்சு முடிச்சிட்டேனே. இப்ப எதுக்கு?"

காளிராஜ் என்னை ஒரு தடவை பார்த்தான், தரையைப் பார்த்தான். "பழசெல்லாம் நடந்தது நடந்துபோச்சு சார். கிளற வேண்டாம்னு நெனைக்கோம்."

அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, உன் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "ஃபெயில்."

அன்றைக்கு வீடியோவில் உன்னிடம், ஏதோ ஓர் ஊரில் ஒரு பஞ்சாயத்து என்று சொல்லி, ஊர்க்காரர்கள் மன்னிப்புக் கேட்க வந்தால் எப்படிக் கேட்டால் சரி என்று நானும் அப்பாவும் பொதுவாகக் கேட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ உற்சாகமாகச் சொன்னாய். என்ன நடந்தது என்று பேர் சொல்லிச் சொல்ல வேண்டும், யார் செய்தார்கள் என்று சொல்ல வேண்டும், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், இனி நடக்காது என்று உறுதி கொடுக்க வேண்டும். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பஸ் ஏறி ஊருக்குப் போய்க் காளிராஜிடம் அப்படியே ஒப்பித்துவிட்டார். பொன்னாடை வேண்டாம், மைக்கில் சொல்லு என்று கேட்டிருக்கிறார். தேசத்துக்குத் தைத்த சட்டையை ஊருக்குப் போட்டுப் பார்த்தோம். காளிராஜுக்குக் கண் கலங்கிவிட்டதாம். "சார், எங்கப்பா செத்து ரெண்டு பொங்கல்தான் ஆகுது. அவுக கட்டுன கோயில் வாசல்ல நின்னு, அவுக தப்புக்காரவுகன்னு மைக்ல சொல்ல எனக்கு வாய் வராது. என்னைய விட்டுருங்க" என்றானாம். உன் அப்பாவுக்கு அதற்கு மேல் கேட்க மனம் இல்லை. ஒரு மகன் தகப்பனைப் பற்றிச் சொல்கிறபோது என்ன பேச முடியும்? வீட்டுக்கு வந்தார், மிக்ஸியை எடுத்தார், பிரித்துப்போட்டார். வரி பிரிக்கிற நாள்கூட இன்னும் வரவில்லை.

மத்தியானம் பூராவும் நான் அம்மியில் அரைத்துக்கொண்டே யோசித்தேன். உன் வெப்சைட்டில் மன்னிப்புக் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று இருக்கிறது, என்ன கொடுத்தார்கள் என்று இருக்கிறது. காத்திருந்தவர்கள் எதற்குக் காத்திருந்தார்கள் என்பதற்கு அதில் ஒரு கட்டம் எனக்குக் கண்ணில் படவில்லை. சட்னியை வழித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், உன் அப்பா மிக்ஸியின் வயிற்றை அப்படியே திறந்து போட்டுவிட்டு, ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரை ஓட்டுகிறார், கையை ஓட்டுகிறார், பையை இரண்டு தடவை ஓட்டுகிறார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தச் சட்டையைத் துவைத்தவள் நான், எனக்குப் புரிய இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது பார்.

அந்த வரியைப் பற்றி இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். நாமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது நன்கொடை. நன்கொடை வெளியூர்க்காரனும் கொடுப்பான், அவன் பேரைக் கல்லிலேகூட வெட்டுவார்கள். வரி அவர்களாக வந்து கேட்க வேண்டும். அதனால் உன் அப்பா அதைத் தன் வாயால் கேட்கவே மாட்டார். நான் காளிராஜுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மைக்கும் வேண்டாம், ஃப்ளெக்ஸும் வேண்டாம். ஒங்கப்பாவப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். தெருவுல வரி பிரிச்சு வரும்போது பூட்டிக் கெடக்க எங்க வீட்டத் தாண்டிப் போகாதீக. அம்புட்டுத்தான்."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் போனில் கேட்டது.

"அம்புட்டுத்தான்னு லேசாச் சொல்லுதீக மேடம். பொன்னாடைன்னா நானே முடிவெடுத்துருவேன். இதுக்குக் கமிட்டி கூடணும். பெருசுக நாலு பேர் ஒத்துக்கிடணும்" என்றான். பொறவு, "கேட்டுப் பாக்கேன். வாக்குக் குடுக்க முடியல" என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் உன் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. நடக்காமல் போனால் அந்த மனுஷன் இன்னொரு தடவை வாசலில் நின்று வெயில் ரொம்ப இருக்கு என்று சொல்ல வேண்டியிருக்கும், அதை என்னால் தாங்க முடியாது. வரி பிரிக்கிற நாள் காலையில், ஊர் வீட்டில் ஓடு சரிந்திருக்கிறதாம், போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் குளித்துவிட்டு வந்து வெள்ளைச் சட்டையை மாட்டினார். ஓடு பார்க்கப் போகிறவர் எதற்கு அந்தச் சட்டை என்று நானும் கேட்கவில்லை.

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நான் கூட்டிக்கொண்டிருந்தேன். மேளம் தெருவின் அந்தக் கோடியில் கேட்டது. உன் அப்பா நிலையைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாகவே நின்றார். வாசலுக்குப் போகவில்லை. காத்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. மேளம் ஒவ்வொரு வீடாக நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டில் நின்றது. அந்த வீட்டுக்காரர் சில்லறை தேடினாரோ என்னவோ, நான் கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். நான் கர்த்தரைக் கூப்பிட்டேன். உன் அப்பாவுடைய ஊர் அம்மனையும் கூப்பிட்டேன். அந்த நேரத்தில் யார் வந்தாலும் சரி என்று இருந்தது. பொறவு மேளம் நகர்ந்தது. நகர்ந்து, நம் வாசலில் நின்றது.

"சுப்பையா மகன் வீடு!" என்று தெருவே கேட்கிற மாதிரி ஒரு குரல். காளிராஜ்தான்.

உன் அப்பா வெளியே போனார். காளிராஜ் மஞ்சள் பையை நீட்டி, "அண்ணே, வரி" என்றான். சார் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

உன் அப்பா பையைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். "எந்த வருசத்துக்கு?"

"இந்த வருசத்துக்குண்ணே."

"விட்டுப்போன வருசத்துக்கெல்லாம்?"

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று முனகினார். காளிராஜ் தாழ்ந்த குரலில் சொன்னான். "அத வாங்குனா, அப்ப விட்டது தப்புன்னு ஆயிரும்ணே."

"ஆமா" என்றார் உன் அப்பா. அதட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓடு பார்க்க வந்தவர் பையில் அவ்வளவு பணம் எதற்கு? நான் ரகசியம் காத்த லட்சணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காளிராஜ் திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தான். அவன் அப்பாவிடம் மனதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டான் என்று நினைக்கிறேன். பொறவு பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். "போடுங்கண்ணே" என்றான். மைக்கில் சொல்ல வராத வார்த்தையைத் தெருவில் நின்று சொல்லிவிட்டான். முனகிய பெரியவர் மேளக்காரரைப் பார்த்து, "ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க, அடி" என்றார். மேளம் நம் வாசலில் அடித்த அடி, அந்தத் தெருவில் வேறெந்த வீட்டுக்கும் அடிக்கவில்லை. உன் அப்பா அழுதார். வெயில் என்று சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நானும் அழுதேன். என்னால்தானே இந்த மனுஷனுக்கு இப்படி என்று உள்ளே ஓர் ஓரத்தில் நான் வைத்திருந்தது, அன்றைக்கு என்னை விட்டுப் போயிற்று.

"மதினி, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றான் காளிராஜ். பூட்டிக் கிடந்த வீட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டில் செம்பு வாங்கி வந்து கொடுத்தேன். எல்லாரும் குடித்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது நான் உன் அப்பாவிடம் கேட்டேன், இதை மகனிடம் சொல்லி அந்த வெப்சைட்டில் ஏற்றச் சொல்லுவோமா என்று. தப்புச் செய்தவர்கள் பணம் கொடுப்பதுதான் அங்கே வழக்கம், இங்கே தப்புக்கு ஆளானவர் பணம் கொடுத்திருக்கிறார், உன் கட்டங்கள் எல்லாம் தலைகீழாகிவிடும் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வேண்டாம்னு சொல்லு" என்றார். "உலகம் பூரா பாக்குற எடத்துல நம்ம ஊரு பேரு எதுக்கு?" நம்ம ஊரு. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்திலும் ஊர்ப் பேரை எழுதவில்லை.

மீனா உன்னிடம் அதைக் கொண்டுவா, இதைச் செய், எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பிள்ளை, விட மாட்டாள். சலித்துக்கொள்ளாதே. நீயும் அவளிடம் கேள். உரிமையோடு கேட்க ஆள் இருக்கிற வரைக்கும் நாம் யாருக்கோ சொந்தம். கேட்பதை ஒருவர் நிறுத்திவிட்டால் அப்போது பயப்படு, உடனே போய் என்ன மிதித்தோம் என்று பார்.

கடைசியாக ஒன்று. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பின காளிராஜ் படியில் நின்று திரும்பினான். "அண்ணே, பயலுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சுல்ல? அப்ப அவன் தனித் தலைக்கட்டாச்சே. அவன் வரி எங்க?" உன் அப்பா சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத அவன்தான் குடுக்கணும். பாக்கின்னு வச்சிக்கோங்க" என்றேன். காளிராஜ் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

ஆகவே நீ அந்த ஊருக்குப் பாக்கி. போனிலிருந்து அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிடாதே. வருகிற பங்குனிக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் வாருங்கள். மேளம் வந்து நிற்கும், உன் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் மகன் வீடு என்று தெரு முழுக்கக் கேட்கும். அதைக் கேட்க அவர் உள்ளே நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நீ வாசலில் நிற்க வேண்டும். சட்டையை நான் இஸ்திரி போட்டு வைக்கிறேன்.

உன் அம்மா